தேகப்பயிற்சியே ஜீவனம்

ராணிப்பேட்டை முத்துக்கடையிலும் வாலாஜாவிலும் ஜிம் மாஸ்டராக வேலை பார்க்கும் இளைஞர்களில் சிலர், சம்பளம் போதவில்லை என்ற மனக்குறையோடும், வருகிறவர்கள் நம்மை நம்பித்தானே வருகிறார்கள், முதலாளியைப் பார்க்கவா வருகிறார்கள் என்ற நியாயமான சந்தேகத்தோடும், "அண்ணா, தனியாக ஆரம்பித்துவிடலாமா?" என்று என்னைக் கேட்பதுண்டு. நான் பதில் சொல்வதற்குள்ளாகவே அவர்கள் கடை வாடகை, அட்வான்ஸ், டிரெட்மில்லின் தவணை, சுவர் முழுவதும் பதிக்க வேண்டிய கண்ணாடி, திறப்பு விழாவுக்கு அழைக்க வேண்டிய பிரமுகர் என்று பேசிக்கொண்டே போய்விடுவார்கள். யாருடைய சரீரத்தைச் சீர்செய்யப் போகிறோம், அவருக்கு எந்த நேரம் சௌகரியப்படும், எதற்காக அவர் பணம் கொடுப்பார் என்ற விசாரம் மட்டும் அந்தப் பேச்சில் ஒருபோதும் தலைகாட்டாது. ஆகவே, தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைக் காட்டிலும், இந்தத் தொழிலைப் பற்றி நான் அறிந்தவற்றையும் எண்ணியவற்றையும் ஓரிடத்தில் விஸ்தாரமாக எழுதிவிடுவது நல்லதென்று தோன்றிற்று.

நமக்கு இந்தத் தொழிலில் ஒரு முன்னோடி உண்டு. அதுவும் வெகுதூரத்தில் இல்லை. ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர் வழியாகப் போகும் பழைய பெங்களூர் சாலையில், முல்பாகலைத் தாண்டினால் கோலார் வரும். அந்த ஊரின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்டவர் கே. வி. ஐயர் என்று பிரசித்தி பெற்ற கோலார் வெங்கடேச ஐயர். அவர் 1920-களில் பெங்களூரில் 'ஹெர்குலிஸ் ஜிம்னேசியம்' என்ற பெயரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தத் தொடங்கினார். தேகப்பயிற்சி என்றால் பயில்வான்களின் கோதாவும், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரின் விசிலும்தான் என்று ஜனங்கள் எண்ணியிருந்த அந்தக் காலத்தில், படித்த மத்தியதர வகுப்பினரைப் பார்த்து, உங்கள் சரீரத்தை அழகாகவும் ஆரோக்கியமாகவும் ஆக்கித் தருகிறேன், அதற்கு இன்ன கட்டணம் என்று சொல்லிப் பிழைத்துக் காட்டிய ஒருவர், தொழில் என்ற அளவில் நமக்கெல்லாம் பாட்டனார் முறை ஆகிறார்.

அவருடைய விளம்பர முறையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கிரேக்கச் சிலைகளின் பாவனையில் நின்று எடுத்துக்கொண்ட அவருடைய புகைப்படங்கள் 'ஹெல்த் அண்ட் ஸ்ட்ரெங்த்', 'சூப்பர்மேன்' முதலான அயல்நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்தன. தம் தேகத்தின் வடிவைப் பற்றி அவர் அடக்கமாகப் பேசியவர் அல்லர். 1930-இல் 'மஸில் கல்ட்', 1936-இல் 'பர்ஃபெக்ட் ஃபிசீக்', 1937-இல் 'சூரிய நமஸ்கார்' என்று புத்தகங்கள் வந்தன. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை ஆதரித்ததன் பயனாக, மைசூரில் ஜகன்மோகன் அரண்மனையிலும் ஒரு கிளை ஏற்பட்டு, அவருடைய சீடர் ஒருவர் அதை நடத்தினார். அதே அரண்மனை வளாகத்தில்தான் யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலையும் இருந்தது. இரும்பு தூக்குகிறவனும் ஆசனம் போடுகிறவனும் ஒருவரையொருவர் ஏளனமாகப் பார்க்கும் இந்நாளில், பளுப்பயிற்சியையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒரே பாடத்தில் சேர்த்துவைத்த ஐயரின் விவேகத்தை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவர் கன்னடத்தில் 'ரூபதர்சி', 'சாந்தலா' என்று நாவல்களும் எழுதினார். நம்மில் பலருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி தப்பில்லாமல் எழுத வராது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஆனால் புகைப்படத்தையும் அரண்மனையையும்விட என் கவனத்தை ஈர்ப்பது, அவர் நடத்திய அஞ்சல்வழிப் பாடம். கூடத்திற்கு வர முடியாத ஊர்களில் இருப்பவர்களுக்கும் தபால் மூலம் தேகப்பயிற்சி கற்பித்தார் அவர். இதன் பொருளைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். மாணவன் எதிரில் இல்லை. அவன் முதுகை வளைத்துக் குனிகிறானா, மூச்சை அடக்குகிறானா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. கூடத்தில் உள்ள கருவிகளில் ஒன்றும் அவன் வீட்டில் இல்லை. அப்படியிருந்தும் ஒருவன் மணியார்டரில் பணம் அனுப்புகிறான் என்றால், அவன் இரும்பையோ இடத்தையோ வாங்கவில்லை என்பது தெளிவு. தன் தேகத்தை முன்னிட்டு இன்னொருவர் சிந்தித்து, இன்னதை இவ்வளவு செய் என்று வகுத்துத் தரும் அந்தப் பிரத்தியேக சிரத்தையைத்தான் அவன் விலைகொடுத்து வாங்குகிறான். தனிப்பயிற்சி என்ற தொழிலில் விற்பனைக்கு உள்ள சரக்கு அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். கண்ணாடிச் சுவரும் டிரெட்மில்லும் ஜிம் முதலாளியின் வியாபாரத்திற்கு அவசியமானவை. அவருடைய தொழில் வேறு, நம்முடைய தொழில் வேறு.

ஐயருக்கு முன்பே மேல்நாட்டில் இந்த வழியைச் செம்மையாக வகுத்தவர் யூஜின் சாண்டோ. 1897-இல் லண்டனில் தேகப்பயிற்சி நிலையம் திறந்து, மறுவருஷம் ஒரு பத்திரிகையும் தொடங்கி, தபாலில் பாடம் சொல்லி, தம் பெயரால் டம்பெல் விற்று, 1901-இல் ஆல்பர்ட் ஹாலில் நடத்திய தேகவனப்புப் போட்டிக்குத் துப்பறியும் கதாசிரியர் கானன் டாயிலையே ஒரு நடுவராக அமர்த்தியவர். 1904-05-இல் இந்தியாவிற்கும் வந்து சென்றார். அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று சொல்ல முடியாது. தம் பெயரில் கோகோப் பொடி தயாரித்து விற்கும் கம்பெனி ஒன்றை ஏற்படுத்தி, மகாயுத்த காலத்தில், 1916-இல், அது முறிந்துபோகக் கண்டார். பயிற்சிக் கட்டணத்தைவிடப் புரோட்டீன் டப்பாவில்தான் லாபம் என்று கணக்குப் போடும் நம் இளைஞர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிப்பது நன்று. டப்பா விற்கத் தொடங்கியவுடன், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு யோசனையையும் இது எனக்காகச் சொல்லப்பட்டதா, டப்பாவுக்காகச் சொல்லப்பட்டதா என்று எதிரில் இருப்பவர் எடைபோடுவார். ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி எழுதவே கூசுகிறது. டாக்டர் சீட்டின்றித் தரக்கூடாத மருந்தைச் சந்துக் கடையில் வாங்கிப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டுவிடுகிறவனை நான் இந்தத் தொழிலைச் சேர்ந்தவனாகவே கருதுவதில்லை.

படிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஒரு நூற்றாண்டாக நம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆசிரியர்களைத் தந்து வருகிறது. பிற்காலத்தில் தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. இவற்றில் படித்தவர்களுக்கு உடற்கூற்று அறிவு நன்றாகவே இருக்கும். ஆயினும் அந்தப் படிப்பு முழுவதும் ஒருவர் அறுபது பேரை வரிசையில் நிறுத்திக் கற்பிப்பதை முன்னிட்டு அமைந்தது. மாதச் சம்பளத்தை நோக்கியது. ஒருவரோடு ஒருவராக நின்று, ஐம்பத்திரண்டு வயதான ஒரு மனிதரின் முழங்காலுக்கு ஏற்றபடி பஸ்கியை மாற்றியமைப்பது வேறு வித்தை. அதற்கெனச் சான்றிதழ் வகுப்புகள் இப்போது நிறைய உண்டு. ஒன்றைப் படியுங்கள், முதலுதவியும் மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் சிகிச்சையும் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சுவரில் சட்டம் போட்டு மாட்டும் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். நம் சத்துவாச்சாரிப் பிள்ளை சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவில் 328 கிலோ தூக்கியும், 2018-இல் கோல்ட்கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கியும் காமன்வெல்த் தங்கம் வாங்கியதைப் பார்த்துத்தான் இந்த ஜில்லாக்களில் எத்தனையோ பேர் இரும்பைத் தொட்டார்கள். அவ்வளவு பெரிய வீரருக்கும் ரயில்வே உத்தியோகம் பக்கபலமாக இருந்தது. பளுதூக்கும் திறமை என்பது ஒன்று, பிறரைப் பயிற்றுவித்துப் பிழைப்பது என்பது மற்றொன்று; உங்கள் புஜத்தின் சுற்றளவு முதல் வாடிக்கையாளரைக் கொண்டுவரக்கூடும், மூன்றாவது மாதத்துக் கட்டணத்தைக் கொண்டுவராது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே யார் பணம் கொடுத்துப் பயிற்சி பெறுவார்கள்? வயிற்றில் ஆறு கட்டு வேண்டுமென்று விரும்பும் கல்லூரி மாணவன் நம்மிடம் வரமாட்டான். அவனுக்கு ஜிம்மும் யூடியூபும் போதும். வருகிறவர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர்: தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர், பெல் டவுன்ஷிப்பிலும் சிப்காட்டிலும் உத்தியோகத்தில் இருப்பவர், மளிகை மொத்த வியாபாரி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அவர்களை அனுப்பிவைப்பது அழகுணர்ச்சி அன்று, சர்க்கரை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டென்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் நடைப்பயிற்சியை டாக்டரே சொல்லிவிடுகிறார், ஜனங்களும் விடியற்காலையில் நடந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஊரில் ஆள் இல்லை. நமக்கு இடம் அங்கே இருக்கிறது.

வருகிறவரிடம் எடையைக் கேட்பதற்கு முன்னால், எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்று கேட்பது என் வழக்கம். "கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையில் சோளிங்கபுரம் பெரிய மலை ஏறிக்கொண்டிருந்தேன் தம்பி, இரண்டு வருஷமாக முடியவில்லை" என்று ஒரு பெரியவர் சொன்னார். நரசிம்மர் கோயிலுக்கு 1,305 படிகள். 2024-லேயே ரோப் கார் வந்துவிட்டதே ஐயா என்றேன்; அது நரசிம்மருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நான் நடந்து போக வேண்டும் என்றார். இதைவிடத் தெளிவான லட்சியத்தை எந்தப் பாடப் புத்தகம் தரும்? வீட்டு வாசற்படியில் ஏறி இறங்குவதில் தொடங்கி, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன் பிடித்து நடப்பது, பிறகு 406 படியுள்ள சின்ன மலை ஆஞ்சநேயர், அதன் பிறகு பெரிய மலை என்று மாதக்கணக்கில் ஒரு பாடத்திட்டம் தானாகவே அமைந்துவிடுகிறது. எடை குறைந்ததா என்று அவர் கேட்பதே இல்லை. அவர் தெருவில் அவரைப் பற்றி எழுந்த பேச்சு எனக்குத் தந்த விளம்பரத்தை, நான் எந்தப் பிளெக்ஸ் போர்டுக்கும் செலவழித்துப் பெற்றிருக்க முடியாது.

நேரத்தைப் பற்றியும் இந்த ஊர் சில பாடங்களைச் சொல்லித்தரும். மேல்விஷாரத்து பாய்மார்கள் பஜ்ர் தொழுகையை முடித்த கையோடு பயிற்சிக்கு வருவார்கள். அவர்களுக்கு அது நாளின் மிகவும் சௌகரியமான வேளை. ரம்ஜான் மாதத்தில் பகலில் ஒன்றும் இல்லை; நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகையும் முடிந்த பிறகு, இரவில் சிலர் அழைப்பார்கள், சிலர் பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்பார்கள். அந்த மாதத்து வருமானம் குறையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்காதவனுக்குத் திடீரென்று கடன் வாங்க நேரிடும். புரட்டாசியிலும் மார்கழியிலும் வேறு விதமான மாறுதல்கள். இவற்றையெல்லாம் இடைஞ்சல் என்று எண்ணாமல், பஞ்சாங்கத்தையும் பிறை பார்ப்பதையும் அனுசரித்து வருஷத்தை வகுத்துக்கொள்கிறவனே இங்கு நிலைப்பான்.

வரவு செலவை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரையில், வீடு வீடாகச் செல்வதாக வைத்துக்கொண்டால், நவல்பூருக்கும் வாலாஜாவுக்கும் நடுவே ஓடும் நேரத்தையும் சேர்த்து, நான்கு பேருக்கு மேல் பார்க்க முடியாது. திங்கள், புதன், வெள்ளி நான்கு பேர், செவ்வாய், வியாழன், சனி நான்கு பேர், ஆக எட்டுப் பேர். ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் என்று கொண்டால் 32,000. பெட்ரோல், தேய்மானம், உங்களுக்கே காய்ச்சல் வந்து படுக்கும் நாட்கள் ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மாலையில் இன்னும் இரண்டு மூன்று பேர் சேரலாம். இது ராஜபோகம் அன்று. ஆனால் வாடகையும் இல்லை, இயந்திரத் தவணையும் இல்லை. பைக்குள் நான்கு ரப்பர் பட்டைகள், ஒரு ஜோடி டம்பெல், ஒரு பாய், ஒரு இரத்த அழுத்தக் கருவி, இவ்வளவே முதலீடு. இதனால்தான் ஜிம் வேலையை ஒரேயடியாக விடாதீர்கள் என்று சொல்கிறேன். காலை நேரத்தை மட்டும் முதலில் உங்களுக்கென்று மீட்டுக்கொள்ளுங்கள், எட்டுப் பேர் நிலைத்த பிறகு மற்றதை யோசிக்கலாம். முதலாளியிடம் வருகிறவர்களை இழுத்துக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். சிற்றூரில் அந்தப் பெயர் நமக்கு முன்னால் போய் நிற்கும்.

கட்டணத்தை மாத ஆரம்பத்திலேயே, பன்னிரண்டு வகுப்புக்கு என்று எண்ணி வாங்கிவிட வேண்டும். நமக்கோ பணம் கேட்கக் கூச்சம், அவர்களுக்கோ கொடுப்பதில் மறதி. இரண்டும் சேர்ந்தால் உறவு கெடும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, செய்துவைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் கேட்பார்கள். ஜி.எஸ்.டி.யைப் பற்றிச் சிலர் அநாவசியமாக அஞ்சுகிறார்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் சேவைத் தொழிலுக்குத்தான் அந்தப் பதிவு, அந்தக் கவலை வரும் நாளில் ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுக்கவும் வசதி இருக்கும்.

விளம்பரத்தில் இன்று எல்லோரும் செய்வது, பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று இரண்டு படங்களை ஒட்டி இன்ஸ்டாகிராமில் போடுவது. ஐயர் தம் தேகத்தைத்தான் காட்டினார். நாமோ பிறர் வயிற்றைக் காட்டுகிறோம். அவர்கள் சம்மதித்தாலும் எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. தன் மாமனாரின் பனியன் இல்லாத படத்தை ஆர்க்காடு முழுவதும் பார்த்துவிட்டது என்று ஒரு மருமகள் வருத்தப்பட்டால், அந்தக் குடும்பத்தின் வாசலை அப்புறம் மிதிக்க முடியுமா? அதற்குப் பதில், பயிற்சியில் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, இடுப்பு வலிக்காரர் தண்ணீர்க் குடத்தை எப்படித் தூக்க வேண்டும் என்பது போல, நம் பேச்சுத் தமிழில், ஒரு நிமிஷ வீடியோவாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் விடுங்கள். அது தெருக்குழுவிலிருந்து உறவினர் குழுவுக்கும், அங்கிருந்து துபாயில் இருக்கும் மகனுக்கும் போகும். அப்பாவுக்குப் பயிற்சி சொல்லித்தர முடியுமா என்று கேட்டு வரும் அழைப்பு அங்கிருந்துதான் வரும். அப்பாவிடம் கட்டணத்தைச் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளும் கூடவே வரும்.

டாக்டர்களின் நம்பிக்கையைப் பெறுவது எல்லாவற்றிலும் நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம். வேலூர் சி.எம்.சி.யின் நிழலில் இருக்கும் நம் ஜில்லாவில், சரீரத்தை மீட்டெடுப்பது என்றால் என்னவென்று ஜனங்களுக்கு ஓரளவு தெரியும். 1954-இல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்க முடியாமற்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கிய ஊர்ப்பக்கம் இது. அப்படிப்பட்ட இடத்தில், பத்து வருஷ முதுகுவலியைப் பத்து நாளில் போக்கிவிடுகிறேன் என்று சவடால் பேசுகிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டியதை நாம் செய்யக் கூடாது. அவர் சிகிச்சை முடித்து அனுப்பிய பிறகு மறுபடியும் நோயாகாமல் பார்த்துக்கொள்வது நம் பங்கு. புதிதாக வருகிறவருக்கு நெஞ்சுவலியோ, மயக்கமோ, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ இருந்தால், டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்பப்பட்டவர் அந்த விஷயத்தை டாக்டரிடம் சொல்வார்; டாக்டர் நம் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார். மாதம் ஒருமுறை நோயாளியின் இரத்த அழுத்தக் குறிப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினால், அது விசிட்டிங் கார்டைவிட மேலான காரியத்தைச் செய்யும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை சமாதானமாகவில்லை. பயிற்சி மிகவும் தேவைப்படுகிறவர்கள், கம்பெனி வேனில் ஏறி ஷூ பாக்டரிக்குப் போய், தையல் இயந்திரத்தின் முன் குனிந்தபடி ஷிஃப்ட் முடிக்கும் பெண்களும், ஈரத் தோலை டிரம்மிலிருந்து வாரி இழுத்துப் போடும் ஆண்களும். அவர்கள் கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் உள்ள வலியை, ஒரு நாற்பது வயது அதிகாரியின் தொப்பையோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் 4,000 ரூபாய் என்பது அவர்கள் சம்பளத்தில் எவ்வளவு பெரிய பங்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேராகச் சேர்ந்து வந்தால் ஆளுக்குச் சிறு தொகை என்று ஒரு வகுப்பு நடத்தலாம், நடத்தியும் பார்த்தேன்; ஆனால் ஞாயிறு என்பது அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள், ரேஷன் வாங்கும் நாள், கறி வாங்கிச் சமைக்கும் நாள். இந்தப் பயிற்சி தொழிலாளர் கையில் விடத்தக்க செலவே அன்று. கம்பெனி ஏற்று, ஷிஃப்ட்டுக்குள்ளேயே கால்மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டிய விஷயம். பயிற்சியாளர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நிர்வாகத்திடம் இதைக் கணக்கோடு எடுத்துச் சொன்னால், மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். தனியொருவனாகப் போனால் காவலாளியைத் தாண்டுவதே கஷ்டம்.

கடைசியாக, உடற்கல்வியில் பட்டம் பெற்றுவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குச் சில வார்த்தைகள். மேல்விஷாரத்திலும், ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், வீட்டுப் பெண்களுக்கு வீட்டிலேயே வந்து கற்பிக்க ஒரு பெண் கிடைப்பாரா என்று என்னிடமே பலர் விசாரிக்கிறார்கள்; பிரசவத்துக்குப் பின் இடுப்பு பலவீனமானவர்கள், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்கிறது என்று டாக்டர் எச்சரித்தவர்கள், சர்க்கரைக்காக மாத்திரை தொடங்கியவர்கள் என்று அந்த ஜாபிதா நீளமானது. ஆண் பயிற்சியாளர் அந்த வாசலில் நிற்கவே முடியாது, ஜிம்முக்கு அவர்கள் வரப்போவதும் இல்லை. ஒரு ஸ்கூட்டரும், நான் மேலே சொன்ன பையும் இருந்தால், ஒரே தெருவில் காலை பத்து மணிக்கு மேல் மூன்று வீடுகள் அமையும்; ஆண்களுக்கு அந்த வேளையில் வாடிக்கையாளரே கிடையாது. விருப்பமுள்ளவர்கள் கேட்டால், விசாரித்த குடும்பங்களிடம் சொல்லி ஏற்பாடு செய்கிறேன். முதல் நாள் என் மனைவியும் உடன் வந்து, அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பாள்.